ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்: விண்டோஸ் ரிஸ்டோர் பாயிண்ட் பற்றி ஒரு முழு வழிகாட்டி

ஊட்டி, கூடலூர் பக்கமெல்லாம் ஆனி, ஆடியில் மழை கொட்டித் தீர்த்துவிடும். எங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். எங்கேயாவது ஒரு மரம் மின்கம்பியில் சாயும், கரண்டு போகும், வரும், மறுபடியும் போகும். அப்படி ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு வாத்தியார் லேப்டாப்பை மழைக்கோட்டுக்குள் அணைத்துப் பிடித்தபடி வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். ஆறு வருஷத்துப் பச்சை இலை எடைக் கணக்கு, கவாத்துக் கூலி, உரச்செலவு எல்லாம் அந்த லேப்டாப்பில்தான்.

"தம்பி, ஆன் பண்ணா விண்டோஸ் படம் வருது, அப்புறம் ஒரே இருட்டு. கடையில காட்டினேன். ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்னு சொல்லிட்டாங்க."

விசாரித்ததில் கதை தெரிந்தது. முந்தின நாள் ஏதோ ஒரு தளத்தில் 'உங்கள் டிஸ்ப்ளே டிரைவர் பழையதாகிவிட்டது' என்று ஒரு பெட்டி குதித்திருக்கிறது. டிரைவர் என்பது திரை, பிரின்டர் போன்ற ஒன்றை இயக்க விண்டோஸுக்கு உதவும் சின்ன மென்பொருள். சொன்னபடி இவரும் இறக்கிப் போட்டுவிட்டார். ஃபார்மட் தேவைப்படவில்லை. நான்கு நாள் முன்பு பதிவாகியிருந்த ஒரு ரிஸ்டோர் பாயிண்டுக்குத் திரும்பிப் போனோம், அவ்வளவுதான். கணக்கில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

இது அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு, வேறு ஏதோ வேலைக்காக அவர் லேப்டாப்பைத் தொட்டபோது, அந்த வசதியை ஆன் செய்து வைத்திருந்தேன். பல விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் அது வாங்கும்போதே ஆஃபில்தான் இருக்கிறது. வேண்டிய நாளில் போய்ப் பார்த்தால் ஒரு பாயிண்டும் இருக்காது. அதனால் இதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் கம்ப்யூட்டரில் அதை ஆன் செய்துவிடுங்கள். மீதி எல்லாம் நிதானமாகப் புரிந்துகொண்டால் போதும்.

எது திரும்பும், எது திரும்பாது

ரிஸ்டோர் பாயிண்ட் என்பது விண்டோஸ் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்துக்கொள்ளும் ஒரு நாள் குறிப்பு. அந்தத் தேதிக்குத் திரும்பினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்), டிரைவர்கள், இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள், விண்டோஸ் அப்டேட்டுகள் ஆகியவை அன்றைய நிலைக்குப் போகும். அதற்குப் பிறகு போட்ட புரோகிராம் காணாமல் போகும். அதற்குப் பிறகு நீக்கிய புரோகிராம் திரும்பி வரும்.

உங்கள் போட்டோ, வேர்டு கோப்பு, எக்செல் கணக்கு, பாட்டு, படம் எதையும் அது தொடாது. இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நல்லது, பழைய தேதிக்குப் போவதால் நேற்று எழுதிய கணக்கு அழியாது. கெட்டது, நேற்றுத் தெரியாமல் அழித்த கல்யாண போட்டோவை ரிஸ்டோர் செய்து மீட்க முடியாது. மாதம் ஒரு முறையாவது யாரேனும் இதைக் கேட்டு வருகிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போனாலும் இது உதவாது, ஏனென்றால் குறிப்பும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. போட்டோவுக்கும் கணக்குக்கும் தனியாக ஒரு வெளி டிஸ்கோ பென்டிரைவோ வேண்டும்.

வைரஸுக்கும் இது மருந்தல்ல. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த வானாக்ரை செய்த வேலைகளில் ஒன்று, கம்ப்யூட்டரில் ரிஸ்டோர் பாயிண்டுகளாக இருந்த நிழல் பிரதிகளை அழித்தது. திருடன் முதலில் நாய்க்குச் சோறு போடுவதைப் போல.

ஒரு சின்ன எச்சரிக்கை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்திருக்கும் எக்ஸி வகைக் கோப்புகளை விண்டோஸ் உங்கள் சொந்தக் கோப்பாகப் பார்ப்பதில்லை, புரோகிராமாகத்தான் பார்க்கிறது. சமீபத்தில் இறக்கியவை ரிஸ்டோருக்குப் பிறகு காணாமல் போகலாம். முக்கியமானவை இருந்தால் பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இந்த வசதி முதலில் வந்தது 2000-ல், விண்டோஸ் மீ என்ற பதிப்பில். விஸ்டாவிலிருந்து இது வால்யூம் ஷேடோ காப்பி என்ற முறைக்கு மாறியது. இன்று வரை அதுதான்.

பலர் நினைப்பது போல, ரிஸ்டோர் பாயிண்ட் எடுக்கும் நிமிஷத்தில் விண்டோஸ் முழுவதையும் நகல் எடுப்பதில்லை. வாத்தியாருக்கு இதை அவருடைய பழைய இலைக் கணக்கு நோட்டை வைத்துத்தான் விளக்கினேன். இருநூறு பக்க நோட்டு. இன்றைக்கு அது எப்படி இருக்கிறதோ, அப்படியே பின்னால் ஒரு நாள் பார்க்க வேண்டும். ஒரு வழி, இருநூறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுப்பது. காசும் போகும், நேரமும் போகும். இன்னொரு வழி, இன்றைய தேதியை மட்டும் குறித்துவிட்டுச் சும்மா இருப்பது. நாளைக்கு 37-ஆம் பக்கத்தில் அடித்துத் திருத்தப் போகிறோம் என்றால், பேனாவை வைப்பதற்கு முன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஓர் உறையில் போடுவது. திருத்தாத பக்கத்துக்கு நகல் எதற்கு? அதுதான் நோட்டிலேயே இருக்கிறதே. பழைய நோட்டு வேண்டுமென்றால், உறையில் இருக்கும் பக்கங்களை எடுத்து அந்தந்த இடத்தில் வைத்தால் தீர்ந்தது.

விண்டோஸ் செய்வதும் இரண்டாவது வழியைத்தான். பக்கம் என்பது அங்கே 16 கேபி அளவுள்ள ஒரு துண்டு. உறை என்பது சி டிரைவில் ஒளிந்திருக்கும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற ஃபோல்டர். அதைத் திறக்கப் பார்க்காதீர்கள், விடாது.

இது புரிந்தால் மீதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும். பாயிண்ட் எடுக்க ஏன் அதிக நேரம் ஆவதில்லை? தேதி மட்டும் குறிப்பதால். நாள் ஆக ஆக அது ஏன் பெரிதாகிறது? திருத்தும் பக்கங்கள் கூடிக்கொண்டே போவதால். பழைய பாயிண்டுகள் ஏன் தானாக மறைகின்றன? உறைக்கு ஓர் அளவு உண்டு, நிரம்பினால் மிகப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடும். வயதுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு பாயிண்ட் அதிகபட்சம் 60 நாள்தான் இருக்கும். போன வருஷம் நன்றாக ஓடிய நிலைக்குப் போக முடியுமா என்று கேட்டால், முடியாது.

ஆன் செய்வது

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் 'ரிஸ்டோர் பாயிண்ட்' என்று டைப் செய்யுங்கள். 'கிரியேட் எ ரிஸ்டோர் பாயிண்ட்' என்று ஒரு வரி வரும். அதை அமுக்கினால் 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' என்ற பக்கத்தோடு ஒரு சின்னப் பெட்டி திறக்கும். நடுவில் டிரைவுகளின் பட்டியல் இருக்கும். சி டிரைவுக்கு எதிரே 'ஆன்' என்று இருந்தால் சரி. 'ஆஃப்' என்று இருந்தால் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, கீழே 'கான்ஃபிகர்' பட்டனை அழுத்துங்கள். 'டர்ன் ஆன் சிஸ்டம் புரொடெக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதே பெட்டியில் 'மேக்ஸ் யூசேஜ்' என்று ஒரு இழுப்பான் இருக்கும். உறையின் அளவு அதுதான். 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 10 ஜிபி வரை தாராளமாகக் கொடுக்கலாம். 128 ஜிபி என்றால் 5 ஜிபி. ஒரு சதவீதத்தில் விட்டுவைத்தால் ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட் வந்ததுமே உறை நிரம்பி, இருந்த பாயிண்டும் போய்விடும். பக்கத்திலேயே 'டெலீட்' என்றொரு பட்டன் இருக்கிறது. அது எல்லாப் பாயிண்டுகளையும் ஒரே அடியில் அழித்துவிடும், கை தவறி அமுக்காதீர்கள். 'அப்ளை', 'ஓகே'. வேலை முடிந்தது. டி டிரைவில் படமும் பாட்டும் மட்டும் இருந்தால் அதற்கு ஆன் செய்து பயனில்லை.

நாமே ஒரு பாயிண்ட் எடுப்பது

ஆன் செய்த பிறகு விண்டோஸ் தானாகவும் எடுக்கும். அப்டேட் போடும் முன், சில டிரைவர்கள் ஏறும் முன், சில புரோகிராம்கள் இன்ஸ்டால் ஆகும் முன். 'சில' என்று அழுத்திச் சொல்கிறேன். எல்லா புரோகிராமும் விண்டோஸிடம் சொல்லிவிட்டு உள்ளே வருவதில்லை. அதனால் ஏதாவது பெரிதாக மாற்றப் போகிறீர்கள் என்றால், புதுப் பிரின்டர் டிரைவர், ஆன்டிவைரஸ் மாற்றம், ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பது, தமிழ் டைப்பிங் மென்பொருள், எதுவானாலும் சரி, முன்னால் ஒரு பாயிண்ட் எடுத்துவிடுங்கள்.

அதே சிஸ்டம் புரொடெக்‌ஷன் பெட்டியில் கடைசியாக 'கிரியேட்' என்ற பட்டன். அழுத்தினால் ஒரு பெயர் கேட்கும். இங்கே சோம்பேறித்தனம் வேண்டாம். 'ஏபிசி', 'டெஸ்ட்' என்று வைத்தால் இரண்டு வாரம் கழித்து உங்களுக்கே புரியாது. 'பிரின்டர் டிரைவருக்கு முன்' என்று வையுங்கள். தேதியும் நேரமும் தானாகச் சேரும்.

பெரிய பதிப்பு மாற்றம், அதாவது விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு ஏறுவது போன்றவை வேறு கணக்கு. அப்போது பழைய பாயிண்டுகள் பொதுவாக அழிந்துவிடும். பின்னால் போக அதற்கென்று செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் 'கோ பேக்' என்று தனி வழி இருக்கிறது, 10 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும்.

திரும்பிப் போவது

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் சவுண்டு வரவில்லை, வைஃபை பிடிக்கவில்லை, எல்லாம் நேற்றுப் போட்ட ஏதோ ஒன்றுக்குப் பிறகு என்று வையுங்கள்.

முதலில் கரண்டைப் பாருங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது முதல் படி, மற்ற வழிகாட்டிகளில் இதைக் கடைசியில் ஒரு வரியாகப் போட்டிருப்பார்கள். ரிஸ்டோர் பாதியில் இருக்கும்போது மிஷின் அணைந்தால் ரெஜிஸ்ட்ரி பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடலாம், அப்புறம் நிஜமாகவே ஃபார்மட் வரை போக நேரலாம். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள். லேப்டாப் என்றால் பேட்டரி முழுதாக ஏறியிருக்கட்டும், சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டு நிறுத்தும் நாளா என்று பேப்பரில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேவ் செய்து மூடுங்கள். சிஸ்டம் புரொடெக்‌ஷன் பெட்டியில் மேலே 'சிஸ்டம் ரிஸ்டோர்' பட்டன். முதல் திரையில் விண்டோஸே ஒரு பாயிண்டைப் பரிந்துரைக்கலாம். நான் அதை ஏற்பதில்லை. 'சூஸ் எ டிஃபரன்ட் ரிஸ்டோர் பாயிண்ட்' என்பதைத் தேர்ந்து 'நெக்ஸ்ட்' போவேன். பட்டியல் வரும். கீழே 'ஷோ மோர் ரிஸ்டோர் பாயிண்ட்ஸ்' என்று ஒரு கட்டம் இருந்தால் டிக் செய்யுங்கள், பழையவையும் தெரியும்.

எந்தத் தேதி? கோளாறு தொடங்கியதற்கு முந்தியவற்றில் மிகச் சமீபத்தியது. வெகு பின்னால் போனால் தேவையில்லாமல் நல்ல புரோகிராம்களையும் இழப்பீர்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. பத்தொன்பதாவது வளைவில் வண்டியிலிருந்து பை விழுந்துவிட்டது என்றால் அதற்கு முந்தின வளைவு வரைதான் திரும்புவோம், மசினகுடி வரைக்குமா போவோம்?

தேதியைத் தேர்ந்த பிறகு 'ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்' பட்டனை அழுத்துங்கள். பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் பட்டன் இது. எந்தப் புரோகிராம், எந்த டிரைவர் நீங்கும், எது திரும்பி வரும் என்று இரண்டு பட்டியலாகக் காட்டும். அதை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி போட வேண்டியவற்றின் பட்டியல் அதுவே. பிறகு 'நெக்ஸ்ட்', 'ஃபினிஷ்', எச்சரிக்கைக்கு 'எஸ்'.

கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். எஸ்எஸ்டி என்றால் கால் மணியிலிருந்து அரை மணி. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். நடுவில் 'ரிஸ்டோரிங் ரெஜிஸ்ட்ரி' என்ற வரியில் வெகு நேரம் அசையாமல் நிற்கும். நிற்கட்டும். பவர் பட்டன் பக்கம் கை போகக் கூடாது. டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

ஸ்கிரீனே வராவிட்டால்

வாத்தியாருக்கு நடந்தது இது. விண்டோஸே திறக்கவில்லை என்றால் மேலே சொன்ன பெட்டிக்கு எப்படிப் போவது?

லாகின் திரை வரை வந்தால், பவர் குறியை அமுக்கி, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுவும் வராவிட்டால், விண்டோஸ் படம் தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸ் தானே ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டு நீலத் திரையில் ரிப்பேர் பகுதிக்குப் போகும். அங்கே 'டிரபிள்ஷூட்', அடுத்து 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', அடுத்து 'சிஸ்டம் ரிஸ்டோர்'. மீதி முன்னால் சொன்ன மாதிரியேதான். 'ரீசெட் திஸ் பிசி' என்பதும் அருகில் இருக்கும். அது வேறு, போட்ட புரோகிராம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடும்.

இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். ரிஸ்டோரை அமுக்கியதும், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி அதன் ரெக்கவரி கீயை, அதாவது பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்டது. 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்து லாகின் செய்யும் பல புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. வாத்தியாரின் அக்கவுன்டை உருவாக்கித் தந்தது பெங்களூரில் இருக்கும் மகள். கரண்டு இல்லை, டவர் ஒரு கோடு, வெளியே மழை. போன் போட்டோம். அவர் தன் கம்ப்யூட்டரில் அந்த அக்கவுன்டுக்குள் போய்க் கீயைக் கண்டுபிடித்து வாசிக்க ஆரம்பித்தார். எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு எண்.

"அண்ணா, நாலாவது எழுதிட்டீங்களா?"

"மூணாவதுல கடைசி எண் அஞ்சா ஒன்பதா?"

லைன் கட். மறுபடி போன். ரிஸ்டோருக்கு ஆன நேரத்தைவிட இதற்கு ஆன நேரம் அதிகம். கடைசியில் வாத்தியார் மொட்டை மாடிக் கதவருகே நின்றுகொண்டு எண்களைக் கத்திச் சொல்ல, நான் உள்ளே தட்டினேன். அதனால் சொல்கிறேன், விண்டோஸ் நன்றாக ஓடும்போதே அக்கவுன்டில் போய் அந்தக் கீயைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே வைக்காதீர்கள். பை தொலைந்தால் பூட்டோடு சாவியும் போன மாதிரி.

முரண்டு பிடித்தால்

'சிஸ்டம் ரிஸ்டோர் டிட் நாட் கம்ப்ளீட் சக்ஸஸ்ஃபுலி' என்று வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் எதுவும் மாறியிருக்காது. முதலில் ஆன்டிவைரஸைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள், அது சில கோப்புகளைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாமல் இருப்பதுதான் அடிக்கடி நடப்பது. அப்போதும் ஆகாவிட்டால் அதற்கு முந்தைய பாயிண்ட். அதுவும் ஆகாவிட்டால், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும்படி விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் போய்ச் செய்யலாம்.

சாதாரணமாகச் செய்யும் ரிஸ்டோருக்கு முன் விண்டோஸ் இன்றைய நிலைக்கும் ஒரு பாயிண்ட் எடுத்துவைத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் மறுபடி சிஸ்டம் ரிஸ்டோரைத் திறந்து 'அன்டூ சிஸ்டம் ரிஸ்டோர்' கொடுத்தால் போதும். சேஃப் மோடிலிருந்தோ அந்த நீலத் திரையிலிருந்தோ செய்த ரிஸ்டோருக்கு இந்த அன்டூ கிடையாது. அங்கே தேதியை இரண்டு முறை பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எந்தப் பாயிண்டும் வேலை செய்யவில்லை, டிஸ்க் வேறு டிக் டிக் என்று சத்தம் போடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். அது டிஸ்கின் கோளாறு. முதலில் கோப்புகளை வெளியே எடுக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

முடிந்த பிறகு

டெஸ்க்டாப் வந்ததும், கோளாறு போய்விட்டதா என்று பாருங்கள். ஆன்டிவைரஸ் பழைய நிலைக்குப் போயிருக்கும், அதை உடனே அப்டேட் செய்யுங்கள். கோளாறுக்குக் காரணம் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த டிரைவர் என்றால், சும்மா விட்டால் இரண்டு நாளில் அதே டிரைவர் மறுபடி ஏறி உட்கார்ந்துவிடும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய் 'பாஸ் அப்டேட்ஸ்' கொடுங்கள், விண்டோஸ் 11-ல் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். அதற்குள் லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து சரியான டிரைவரைப் போட்டுவிடலாம். குதித்து வரும் பெட்டியிலிருந்து அல்ல.

பிறகு போனில் எடுத்த போட்டோவைத் திறந்து, நீங்கிப்போன புரோகிராம்களில் வேண்டியதை ஒவ்வொன்றாகப் போடுங்கள். வாத்தியார் இரண்டு நாள் முன்பு போட்டிருந்த தமிழ் டைப்பிங் மென்பொருள் போய்விட்டது. கணக்கெல்லாம் பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டவர், அது இல்லை என்றதும் முகத்தைச் சுளித்தார். "அதையும் சேர்த்துக் காப்பாத்தியிருக்கலாமே தம்பி" என்றார். மறுநாள் கரண்டு வந்ததும் போய், முதலில் 'தமிழ் டைப்பிங்குக்கு முன்' என்று ஒரு பாயிண்ட் எடுத்துவிட்டு, அதைப் போட்டுக் கொடுத்தேன்.